சம்பவ இடம் முதல் சாட்சிக் கூண்டு வரை: தடயம் திரட்டி அடையாளம் காணும் அலுவலருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குற்றம் நடந்த ஓர் அறை, நடந்தபடியே சில மணி நேரம்தான் இருக்கும். பிறகு சடலம் எடுத்துச் செல்லப்படும், ஜன்னல்கள் திறக்கப்படும், தரை கழுவப்படும். பல மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்த அறையைப் பற்றிப் பேச்சு எழும்போது, அங்கே தீர்ப்புச் சொல்லப் போகிற எவரும் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் முன்னால் இருப்பவை நீங்கள் எடுத்த படங்கள், எழுதிய குறிப்புகள், முத்திரையிட்ட பைகள். இந்த வேலையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: அங்கே இல்லாத ஒருவர் பின்னாளில் கேள்வி கேட்டுச் சரிபார்க்கும்படி அந்த இடத்தைக் காத்துக் கொடுப்பது.

குற்றவாளி யார் என்று முடிவுகட்டுவது உங்கள் வேலை அல்ல. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1892இல் அர்ஜென்டினாவின் நெகோசேயாவில் இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். தாய் ஒரு பக்கத்து ஆளைக் கைகாட்டினாள். கதவுச் சட்டத்தில் இரத்தத்தோடு பதிந்திருந்த விரல்ரேகை அந்தத் தாயினுடையது என்று தெரிந்த பிறகே அந்த ஆள் தப்பினார். ஹுவான் வுசெட்டிச் வகுத்த விரல்ரேகை முறைக்குக் கிடைத்த முதல் பெரும் வெற்றி அது. 1986இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் கொலை வழக்கில் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸின் டிஎன்ஏ சோதனை முதலில் காட்டியதும் இதைப் போன்றதுதான்: கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞன் அதைச் செய்யவே இல்லை. உண்மைக் கொலையாளி அதன் பிறகுதான் சிக்கி, 1988இல் தண்டனை பெற்றான். ஆகவே சிக்கவைக்கும் தடயத்துக்குத் தரும் கவனத்தை, விடுவிக்கும் தடயத்துக்கும் குறையாமல் தர வேண்டும்.

இந்த வேலைக்குள் வருவது

நாட்டுக்கு நாடு வழி வேறு. சில இடங்களில் சீருடைக் காவலர்களுக்கே பயிற்சி கொடுத்து இந்தப் பிரிவில் அமர்த்துகிறார்கள். வேறு சில இடங்களில் அறிவியல் பட்டதாரிகளைக் காவலர் அல்லாத பணியாளர்களாக எடுக்கிறார்கள். வேதியியல், உயிரியல், தடய அறிவியல் ஆகியவற்றில் ஒன்று அடிப்படையாக இருந்தால் நல்லது. ஆனால் படிப்பைவிட அதிகம் உதவுவது மூன்று பழக்கங்கள்: கேமராவைத் தானியங்கி அமைப்பில் விடாமல் கையாளத் தெரிவது, பார்த்ததை மட்டும் எழுதுவது, சலிப்பில்லாமல் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்ப ஒழுங்காகச் செய்வது. கண்ணாடி, பிளாஸ்டிக், காகிதம், பெயின்ட் அடித்த மரம் என்று பல பரப்புகளில் உங்கள் விரலைப் பதித்து, தூள் தூவி எடுத்துப் பழகுங்கள். வேலைக்குச் சேரும் முன்பே தொடங்கக்கூடிய பயிற்சி இது.

கிளம்பும் முன்

கையுறை, முகக்கவசம், காலணி மேலுறை, உடல் மறைக்கும் மேலங்கி, பல அளவுக் காகிதப் பைகள், அட்டைப் பெட்டிகள், லேபிள்கள், முத்திரை நாடா, அளவுகோல்கள், எண் அட்டைகள், பலமான டார்ச், முக்காலி, உபரி பேட்டரி. இவையெல்லாம் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். பட்டியலில் இருந்தும் பலர் யோசிக்காதது, அந்தப் பொருட்களே தூய்மையானவையா என்பது.

ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் மூன்றிலும் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்த, அடையாளம் தெரியாத ஒரே பெண்ணின் டிஎன்ஏவோடு பொருந்தியது. காவல்துறை அவளை ஆண்டுக்கணக்கில் தேடியது. 2009இல் உண்மை வெளிப்பட்டது: அந்த டிஎன்ஏ, மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளை ஆலையில் பொதியிட்ட ஒரு பெண்ணுடையது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். ஆனால் கிருமி செத்தாலும் டிஎன்ஏ அழிந்துவிடாது. இதற்குப் பிறகு, தடயப் பணிக்கான பொருட்களில் மனித டிஎன்ஏ கலப்பைத் தடுக்க 2016இல் ஐஎஸ்ஓ 18385 என்ற தரநிலை வந்தது. உங்கள் குச்சிகள், குழாய்கள் மீது அந்தத் தரநிலை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொதியின் தொகுதி எண்ணையும் குறித்து வையுங்கள்.

வாசலில் நில்லுங்கள்

இடத்துக்கு வந்ததும் உள்ளே போக வேண்டும் என்று கால் துடிக்கும். நின்றுவிடுங்கள். முதலில் வந்த காவலரிடம் பேசுங்கள்: யார் யார் உள்ளே போனார்கள், எந்த வழியாக, எதைத் தொட்டார்கள், எந்த விளக்கைப் போட்டார்கள், மருத்துவக் குழு எதை நகர்த்தியது. சொன்னவரின் பெயர், நேரத்தோடு எழுதுங்கள். உள்ளே நுழையச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதிசெய்யுங்கள். அனுமதியில்லாமல் எடுத்த நல்ல தடயம் நீதிமன்றத்தில் உதவாமல் போகலாம்.

எல்லைக் கயிற்றை நீங்கள் நினைப்பதைவிட அகலமாகக் கட்டச் சொல்லுங்கள். பெரிய வட்டத்தைப் பிறகு சுருக்கலாம். பலர் மிதித்துவிட்ட இடத்தைத் திரும்ப மிதிக்காததாக ஆக்க முடியாது. உள்ளே போய்வர ஒரே ஒரு பாதை, குற்றவாளி நடந்திருக்க வாய்ப்புக் குறைந்த பாதை, குறித்துக்கொள்ளுங்கள். நுழைபவர் ஒவ்வொருவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், எவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தாலும். மேலதிகாரியிடம் இதைச் சொல்வது எளிதல்ல. ஆனால் கண்ணியமாக, எல்லோரிடமும் ஒரே சொற்களில் சொல்லிப் பழகிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்து, எது முதலில் அழியும் என்று யோசியுங்கள். மழை வரப் போகிறதென்றால் வெளியே உள்ள காலணித் தடம்தான் முதல் வேலை. அறையின் வாசனை, வெப்பநிலை, எரிந்துகொண்டிருந்த விளக்கு, பூட்டியிருந்த தாழ், ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி ஆகியவை எந்தப் பையிலும் அடங்காத தடயங்கள். குறிப்பேட்டில்தான் வாழும்.

படம் எடுப்பது

எதையும் தொடும் முன், நகர்த்தும் முன், எண் அட்டை வைக்கும் முன் படம். இந்த ஒழுங்கு மாறவே கூடாது.

மூன்று தொலைவுகளில் எடுங்கள். முதலில் முழு இடம்: வீட்டின் வெளிப்புறம், தெரு, பிறகு ஒவ்வோர் அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி. அடுத்து இடைத் தொலைவு: ஒரு பொருள், அதன் அருகில் அசையாத வேறொன்றோடு, எடுத்துக்காட்டாகக் கத்தியும் கதவுச் சட்டமும் ஒரே படத்தில். கடைசியாக நெருக்கப் படம்: முதலில் அளவுகோல் இல்லாமல், பிறகு அதே கோணத்தில் அளவுகோலோடு. அளவுகோல் இல்லாத படம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். அளவுகோலுக்கு அடியில் நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்று காட்டத்தான்.

இடைத் தொலைவுப் படங்களைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். முழு அறையின் படம் இருக்கும், இரத்தத் துளியின் படம் இருக்கும், அந்தத் துளி அறையில் எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

விரல்ரேகை, காலணித் தடம் போன்று பின்னால் ஒப்பிடப் போகிற எதையும் முக்காலியில், லென்ஸ் பரப்புக்கு நேர் செங்குத்தாக இருக்கும்படி எடுங்கள். அளவுகோல் தடம் இருக்கும் அதே தளத்தில் இருக்க வேண்டும். தடம் மண்ணில் ஆழமாக இருந்தால் அளவுகோலையும் அதே ஆழத்துக்கு இறக்குங்கள். வெளிச்சத்தைத் தாழ்ந்த கோணத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளிலிருந்து கொடுத்து ஒவ்வொன்றையும் தனிப் படமாக எடுங்கள். விரல்ரேகைப் படத்துக்கு உண்மை அளவில் அங்குலத்துக்கு 1000 பிக்சலாவது இருக்க வேண்டும். கேமராவின் மூலக் கோப்பைச் சுருக்காமல் வையுங்கள். மங்கிய படம், கால் நுனி விழுந்த படம், தவறுதலாக எடுத்த படம் எதையும் அழிக்காதீர்கள். வரிசை எண்ணில் ஓர் இடைவெளி விழுந்தால், அந்த இடத்தில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

வரைபடம் பற்றிச் சுருக்கமாக: படம் தொலைவைப் பொய்யாகக் காட்டும், அளவெடுத்த வரைபடம் காட்டாது. ஒவ்வொரு பொருளையும் அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து அளந்து குறித்தால் போதும். வடதிசை, தேதி, வரைந்தவர் பெயர் வேண்டும். லேசர் ஸ்கேனர் இருந்தாலும் கைவரைபடத்தை விடாதீர்கள். அளக்கும்போதுதான் கண் கவனிக்கத் தொடங்குகிறது.

தேடுவது

அறையென்றால் பகுதி பகுதியாக, திறந்த வெளியென்றால் வரிசையாக நின்று, பிறகு அதே நிலத்தைக் குறுக்குவாட்டிலும். எந்த முறை என்பதைவிட, ஓர் அங்குலமும் விடுபடவில்லை என்று பிறகு சொல்ல முடிகிறதா என்பதே முக்கியம். அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் இல்லாத தூசுத் தடங்கள் எழுந்து வரும். தேடியும் ஒன்றும் கிடைக்காத இடத்தையும் எழுதுங்கள். ஜன்னல் விளிம்பின் தூசு கலையாமல் இருந்தது என்பது, அந்த வழியே யாரும் வரவில்லை என்பதற்கான தடயம்.

விரல்ரேகை

விரல் வரிகள் கருவறையிலேயே உருவாகிவிடுகின்றன. வழக்கமான டிஎன்ஏ சோதனை ஒத்த இரட்டையரைப் பிரித்துக் காட்டாது, விரல்ரேகை காட்டும். வளையம், சுழி, வில் என்று மூன்று அடிப்படை வடிவங்கள். வளையம்தான் மிகுதி, வில் மிகக் குறைவு. லட்சக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தித் தேடி எடுக்கும் முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் கல்கத்தாவின் அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் முக்கியமானவர்கள். 1897இல் அங்கே விரல்ரேகைப் பணியகம் தொடங்கியது. வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரில் அந்த முறை 1901இல் லண்டனுக்குப் போனது.

களத்தில் முதல் விதி: முடிந்தால் பொருளையே எடுங்கள். நெகோசேயா வழக்கை விசாரித்த அதிகாரி கதவுச் சட்டத்தின் துண்டையே அறுத்து எடுத்துப் போனார். எடுக்க முடியாததைத்தான் இடத்திலேயே செயல்முறைக்கு உட்படுத்த வேண்டும்.

இரண்டாவது, வரிசை. முதலில் வெறும் கண், பிறகு சிறப்பு ஒளி, அதற்குப் பிறகே ரசாயனம். ஒரு முறை அடுத்த முறையைக் கெடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் படம். வழவழப்பான, ஈரம் உறிஞ்சாத பரப்பு என்றால் தூள், அல்லது மூடிய பெட்டியில் சூப்பர் க்ளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் ஆவி. 80 சதவீத அளவு ஈரப்பதத்தில் அது ரேகை வரிகள்மீது வெள்ளையாகக் கெட்டிப்படும். காகிதத்துக்கு நின்ஹைட்ரின். வியர்வையின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து ஊதா நிறம் தரும். 1954 முதல் இது பயன்பாட்டில் இருக்கிறது. காகிதம் நனைந்துபோயிருந்தால் அமினோ அமிலம் கரைந்துபோயிருக்கும். அப்போது கொழுப்பின்மீது வெள்ளியைப் படியவைக்கும் கரைசல்தான் வழி. ஒட்டு நாடாவின் பசைப் பக்கத்துக்கு ஜென்ஷியன் வயலெட், ஈரமான உலோகத்துக்கு நுண்துகள் கரைசல், இரத்தத்தில் பதிந்த ரேகைக்குப் புரதச் சாயம்.

தூள் தூவும்போது குறைவாகத் தூவுங்கள். நிரம்பிய வரிப்பள்ளங்களைப் பிறகு காலியாக்க முடியாது. ஓர் இடத்தில் ரேகை தேடுவதா, டிஎன்ஏ தேடுவதா என்று தூரிகையை எடுக்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். அழுந்தித் தேய்ந்து வரிகளே தெரியாத இடம் பஞ்சுக்குச்சிக்கு ஏற்றது. பல இடங்களில் பயன்பட்ட தூரிகை ஓர் இடத்தின் டிஎன்ஏவை இன்னோர் இடத்துக்குச் சுமந்து போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்த வீட்டில் வழக்கமாக வாழ்பவர்களின் ரேகைகளையும் மறக்காமல் வாங்குங்கள். நீங்கள் எடுத்தவற்றில் பெரும்பகுதி அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

இரத்தம், ஆடை, ஆயுதம்

இரத்தம்போலத் தெரிவதையெல்லாம் குறிப்பேட்டில் ‘இரத்தம்’ என்று எழுதாதீர்கள். ‘சிவந்த பழுப்புக் கறை’ என்று எழுதுங்கள். ஃபினால்ஃப்தலீன் சோதனை நிறம் காட்டினால் இரத்தமாக இருக்கலாம் என்றுதான் பொருள். லூமினால் என்ற ரசாயனம், கழுவப்பட்ட இரத்தத்தையும் இருட்டில் நீல ஒளியாகக் காட்டும், ஆனால் வெளுப்புத் திரவத்துக்கும் ஒளிரும். உறுதி சொல்ல வேண்டியது ஆய்வகம்.

ஈரக் கறையை உலர்த்துங்கள், பிறகு காகிதப் பை. பிளாஸ்டிக்கில் ஈரம் தேங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். ஆடையை வெட்ட நேர்ந்தால் குண்டுத் துளை, கத்திக் கிழிசல் வழியாக வெட்டாதீர்கள். கயிற்றை முடிச்சிலிருந்து தள்ளி வெட்டி, உங்கள் வெட்டு எது என்று குறியிடுங்கள். தீ விபத்துச் சிதைவுகள் மட்டும் நேர் எதிர்: காற்றுப்புகாத புதிய உலோக டப்பா, அல்லது நைலான் பை. சாதாரணப் பாலிதீன் வழியே பெட்ரோல் ஆவி கசிந்துவிடும். துப்பாக்கிக் குழலுக்குள் பென்சிலை விட்டுத் தூக்குவது உள்வரிகளைக் கெடுக்கும். பயிற்சி பெற்றவர் தோட்டாவை நீக்கி, துப்பாக்கியின் எந்தத் தோட்டா அறையில் எது இருந்தது என்று குறித்த பிறகே துப்பாக்கி பெட்டிக்குள் போக வேண்டும்.

ஒரு பொருளுக்கு ஒரு பை. ஒவ்வொரு பொருளுக்கும் புதுக் கையுறை. மெல்லிய கையுறை வழியேகூட ரேகை பதியும் என்பதால் இரண்டு அடுக்காகப் போடுவது நல்லது. பாதிக்கப்பட்டவரின் ஆடையை எடுத்தவரே சந்தேக நபரின் ஆடையையும் அதே நாளில் எடுக்கக் கூடாது. தொடர்பு எதுவாக இருந்தாலும் ஏதாவது ஒன்று கைமாறும் என்பதுதானே எட்மண்ட் லொக்கார்டின் கொள்கை. 1910இல் பிரான்ஸின் லியோனில் காவல் ஆய்வகம் தொடங்கிய அவருடைய கொள்கை அலுவலருக்கும் பொருந்தும்.

காலணித் தடம்

படம் எடுத்து முடிந்த பிறகே வார்ப்பு. சாதாரண பிளாஸ்டர் வேண்டாம், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் கெட்டியானது, நுண்ணிய கீறலையும் பிடிக்கும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 350 முதல் 400 மி.லி. தண்ணீர், கட்டியில்லாமல் ஓடும் பதம். தடத்தின் மேலேயே நேராக ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றி உள்ளே வழியவிடுங்கள். இறுகும் முன் வழக்கு எண்ணையும் தேதியையும் முதுகில் கீறுங்கள். குறைந்தது அரை மணி நேரம், குளிரென்றால் இன்னும் கூடுதல். ஒட்டிய மண்ணைக் களத்தில் கழுவாதீர்கள், இரண்டு நாள் உலர்ந்த பிறகு பார்க்கலாம். தரையில் தூசாகப் படிந்த தடத்துக்கு ஜெலட்டின் தாள், அல்லது தூசை மின்விசையால் தாளில் இழுத்து ஒட்டவைக்கும் நிலைமின் கருவி.

கைமாறல் பதிவு

பையின் வாயை நாடாவால் மூடி, நாடாவிலும் பையிலும் சேர்ந்து விழும்படி கையெழுத்திடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எதற்காகப் போனது என்ற பதிவில் ஒரு வரியும் விடுபடக் கூடாது. பையைத் திறக்க நேர்ந்தால் பழைய முத்திரையை அப்படியே விட்டு வேறு பக்கத்தில் வெட்டுங்கள். இதில் சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை, விடாத ஒழுங்கு மட்டும் போதும். வழக்குகள் அதிகம் ஆட்டம் காண்பது இங்கேதான்.

அடையாளம் காண்பது

கிடைத்த ரேகையைக் கணினித் தரவுத்தளத்தில் தேடினால் அது பெயரைச் சொல்லாது, ஒத்திருக்கக்கூடியவர்களின் பட்டியலைத் தரும். முடிவு சொல்வது பயிற்சி பெற்ற மனிதக் கண். ஆராய்தல், ஒப்பிடுதல், மதிப்பிடுதல், வேறொருவர் சரிபார்த்தல் என்று நான்கு கட்டங்கள். வரிகள் முடியும், பிரியும் இடங்களில் இத்தனை புள்ளி பொருந்தினால் போதும் என்று எண்ணிச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இங்கிலாந்து தன் 16 புள்ளி விதியை 2001இல் கைவிட்டது. எண்ணிக்கையைவிடத் தெளிவும் அரிதான அம்சங்களும் எடை கூடியவை.

2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தபோது, குண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்கள் இருந்த பையில் கிடைத்த ரேகை ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்பிஐ சொன்னது. ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் ஒத்துக்கொண்டார்கள். அவர் சிறையில் இருந்தார். ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று கண்ட பிறகு விடுதலையானார், எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. அதன்பின் நடந்த விசாரணை சுட்டிய காரணங்களில் ஒன்று எல்லோருக்கும் பாடம்: வழக்கறிஞரின் ரேகையைப் பார்த்த பிறகு, அதில் இருந்த அம்சங்களை மங்கலான தடயத்தில் தேடிக் ‘கண்டுபிடித்தார்கள்’. ஆகவே தடயத்தை மட்டும் முதலில் தனியாக ஆராய்ந்து, தெரிவதையெல்லாம் எழுதி முடித்த பிறகே ஒப்பிடும் ரேகையைத் திறங்கள். சரிபார்ப்பவருக்கு உங்கள் முடிவைச் சொல்லாதீர்கள். சந்தேக நபர் ஒப்புக்கொண்டாரா, முன்பு குற்றம் செய்தவரா என்பதெல்லாம் உங்கள் காதில் விழ வேண்டியதில்லை.

பெயர் தெரியாத இறந்தவரை அடையாளம் காண்பதும் இதே அலுவலரின் பொறுப்பு. பேரிடர்களில் இன்டர்போல் வழிகாட்டுதல் முதன்மையாக ஏற்பது மூன்றை: விரல்ரேகை, பல், டிஎன்ஏ. உறவினர் முகம் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. துயரத்தில் கண் தவறும், உடலும் மாறியிருக்கும். காய்ந்து சுருங்கிய விரலை ஊறவைத்தோ திரவம் செலுத்தியோ நிமிர்த்தலாம். நீரில் கழன்ற தோலைக் கையுறையிட்ட தன் விரல்மீது அணிந்து ரேகை எடுப்பதும் உண்டு. கேட்கவே கடினமாக இருக்கும். ஒரு குடும்பம் காத்திருப்பது அந்த ஒரு ரேகைக்காக.

இந்த வேலை மனத்தில் தங்கும். குழந்தைகள் இறந்த இடங்கள் குறிப்பாக. தூக்கம் கெட்டால், வீட்டில் பேச்சுக் குறைந்தால், ஆலோசகரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். முதுகு வலிக்கு மருத்துவரைப் பார்க்கத் தயங்குவதில்லை அல்லவா, இதிலும் தயக்கம் வேண்டாம்.

சாட்சிக் கூண்டில்

முந்தைய நாள் குறிப்பேட்டையும் படங்களையும் முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ‘இந்த ரேகை எப்போது பதிந்தது’ என்று நிச்சயம் கேட்பார்கள். பெரும்பாலும் அதைச் சொல்ல முடியாது. அவர் அந்தக் கண்ணாடியைத் தொட்டிருக்கிறார் என்பது வரைதான் ரேகை பேசும், எதற்காகத் தொட்டார் என்பது அதற்குத் தெரியாது. ‘நூறு சதவீதம் உறுதி’, ‘தவறே நடக்காது’ போன்ற சொற்களைத் தவிருங்கள், அரசுத் தரப்பு வழக்கறிஞர் விரும்பினாலும்கூட. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை உங்கள்மீதான தாக்குதல் அல்ல. அதைத் தாங்கி நிற்கத்தான் இத்தனை படங்களும் பதிவுகளும் எடுத்தீர்கள்.

தீர்ப்பு வந்ததும் பைகளைக் காலி செய்யாதீர்கள். மேல்முறையீடு நடக்கலாம், பத்தாண்டுகள் கழித்துப் புதிய டிஎன்ஏ முறை ஒன்று பழைய கறையிலிருந்து புதிய பதிலைத் தரலாம். எழுத்துபூர்வமான உத்தரவு வரும்வரை பொருளும் மூலக் கோப்பும் குறிப்பேடும் இருந்த இடத்தில் இருக்கட்டும். திருப்பித் தரவோ அழிக்கவோ உத்தரவு வந்தால், அதையும் தேதியிட்டு, பெற்றவரின் கையெழுத்தோடு அதே கைமாறல் பதிவின் கடைசி வரியாக எழுதுங்கள்.